நவம்பர் ஒன்றுக்கு வராதே

கென்ட், பெல்ஜியம்
3 அக்டோபர் 1999, ஞாயிறு

என் அம்மாவுக்கு,

நீ கேட்ட மூன்று கேள்விகளுக்கும் முதலில் பதில். ஆமாம், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ஆமாம், கம்பளிக் காலுறை போடுகிறேன். இல்லை, யாரும் இல்லை.

இங்கே வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு கூத்து நடக்கும். விடுதி முழுவதும் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கிளம்பிவிடும். பெட்டிக்குள் ஐந்து நாள் அழுக்குத் துணி. பெல்ஜியப் பிள்ளைகள் வாரக் கடைசியில் அம்மாவிடம் போவார்கள்; ஞாயிறு மாலை துவைத்த துணியும் டப்பாவில் சூப்புமாகத் திரும்புவார்கள். எதிர் அறை லீஸ்பெத் என்னைப் பார்த்து, "நீ போகலியா? உன் துணி அழுக்காகறதே இல்லியா?" என்று கேட்டாள். நாற்பத்தொரு அறையில் மிஞ்சுவது மூன்று பேர். நான், ஸ்பெயின்காரி நியேவெஸ், நம் நாட்டுப் பையன் வித்தெக். காலி நடைவழியில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் ரயில் ஏறிவிடுகிறோம். பத்துப் பயணத்துக்கு ஒரே அட்டை. ஒவ்வொரு முறையும் தேதியையும் ஊரையும் நாமே பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும். என் அட்டையில் ஏற்கெனவே நான்கு வரி தீர்ந்துவிட்டது.

நேற்று ஓஸ்டெண்டில் கடல் பார்த்தோம். துறைமுகத்துப் பெஞ்சில் உன் வயதுப் பெண்மணி ஒருத்தி தனியாக உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து இறால் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னப் பை. எங்களுக்கும் கொடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று நியேவெஸ் கேட்டதற்கு, "இன்னும் முடிவு பண்ணலைம்மா. கப்பல் ஆறு மணிக்குத்தானே" என்றாள். திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நவம்பர் ஒன்றுக்கு, ஊரே கல்லறையில் விளக்கேற்றும் நாளுக்கு, வருகிறேன். இருபத்தொன்பதாம் தேதி இங்கே பேருந்து ஏறினால் முப்பது காலை நம் ஊர் சனோக். அப்பா போன பிறகு நான்கு நவம்பர் வந்தது. நான்கிலும் நாம் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் அவர் கல்லின் முன்னால் நின்றோம். ஐந்தாவதையும் விடமாட்டேன்.

இரண்டு கன்னத்திலும் முத்தம்.
உன் யகோதா


சனோக்
9 அக்டோபர் 1999

என் யகூத்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. மருந்துக்கடைக் கல்லாவின் கீழே ஒளித்து வைத்து, வாடிக்கையாளர் இல்லாதபோதெல்லாம் படித்தேன். இருமல் காலம் தொடங்கிவிட்டது. ஸ்கிபா தாத்தா வந்து, மருந்துக்கடைக்காரிக்கு உரிய மரியாதையோடு, "மாஜிஸ்டர் அம்மா, போன வாரம் குடுத்த மருந்து பிரமாதம். எனக்குத்தான் ஒண்ணும் ஆகலே, இருமல் நல்லா தேறிடுச்சு" என்று புகார் சொல்லிவிட்டுப் போனார். உன் லுச்சினா அத்தை பிளம் ஜாம் கிண்டி ஆறு பாட்டில் கொண்டுவந்தாள். நாலில் சர்க்கரை போதவில்லை. அவளிடம் சொல்லவில்லை.

இன்று காலை ஒரு வேலையாக வெளியே போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கை இன்னும் சில்லென்று இருக்கிறது. எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம்.

கண்ணே, நவம்பர் ஒன்றுக்கு நீ வரவேண்டாம். மூன்று நாள் விடுமுறைக்கு இரண்டு இரவு பேருந்திலேயே போய்விடும். வந்தால் காய்ச்சலில் படுப்பாய். கல்லறையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ இன்னும் பார்க்காத ஊர் எவ்வளவோ இருக்கிறது. பாரிஸுக்குப் போ. போய்வந்து எல்லாவற்றையும் விவரமாக எழுது. நீ பாதியில் விட்டுவிடுகிறாய். அந்தக் கப்பல் பெண்மணி என்ன நிறக் கோட்டு போட்டிருந்தாள்? அவள் ஏறினாளா, இல்லையா?

இறுக அணைத்துக்கொள்ளும்
அம்மா


கென்ட்
17 அக்டோபர் 1999, ஞாயிறு

அம்மா,

பச்சைக் கோட்டு. ஏறினாளா என்று தெரியாது; எங்கள் ரயில் ஐந்தே காலுக்கு.

நேற்று தினான் போனோம். ஆற்றங்கரையில் செங்குத்தான பாறை, பாறைமேல் கோட்டை, நானூற்றுச் சொச்சம் படி. முந்நூறாவது படியில் நியேவெஸ் உட்கார்ந்து, "நான் இங்கயே குடியிருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். உன் கடிதத்தை அங்கே வைத்துத்தான் வித்தெக்கிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நவம்பர் ஒண்ணுக்கு நான் போகலேன்னா எங்கம்மா என்னையும் எங்க குடும்பக் குழியிலேயே போட்டு மூடிருவா. வராதேன்னு சொன்ன அம்மா நம்ம நாட்டிலேயே கிடையாது. போன் போட்டுப் பாரு, ஏதோ ஆகியிருக்கு" என்றான்.

இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் நீ வானிலை பற்றிப் பேசினாய்.

உனக்கு உடம்பு சரியில்லையா? அப்பாவும் கடைசி வரை ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். பாரிஸ் எனக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமை சீட்டு வாங்கப் போகிறேன்.

யகோதா


சனோக்
22 அக்டோபர் 1999

யகூத்கா,

சீட்டு வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

எனக்கு நோய் ஒன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரி நான், என் ரத்த அழுத்தம் உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன். அது முடியாமல் பாதியில் நிற்கிறது. அதை நீ அந்த நாளில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில் நின்று பார்க்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வா. சமையலறை மேசையில் உன்னை உட்காரவைத்து ஆதியிலிருந்து சொல்கிறேன்.

பெற்ற மகளை வராதே என்று எழுதும்போது கை எழுதமாட்டேன் என்கிறது. எனக்கு மிஞ்சியிருப்பவள் நீ ஒருத்தி. இதனால் உன்னை இழந்துவிடுவேனோ என்ற ஒரே பயத்தில்தான் இருக்கிறேன். கோபப்படு, ஆனால் எழுதுவதை நிறுத்திவிடாதே.

அம்மா


தெ பன்னே, கடற்கரை
1 நவம்பர் 1999, திங்கள்

அம்மா,

நீ சொன்னபடி வரவில்லை. பாரிஸுக்கும் போகவில்லை. வித்தெக் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டான். நியேவெஸ் காய்ச்சலில் கிடக்கிறாள். ரயில் எங்கே முடிகிறதோ அங்கே இறங்கினேன். அட்டையில் ஒன்பதாவது வரி.

இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சாமந்தித் தொட்டிகள் இருந்தன, விளக்கு ஒன்றுகூட இல்லை. பகலில் பூவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பம் சாப்பிடுகிறார்கள். நான் ஜாம் பாட்டிலில் மெழுகுவர்த்தி கொண்டுபோயிருந்தேன். பூவும் இல்லாமல் யாரும் வராமல் கிடந்த ஒரு கல்லின் முன் அதை ஏற்றினேன். பக்கத்துக் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கிழவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அவனுக்கு என்ன உறவு என்று பிரெஞ்சில் கேட்டாள். உறவில்லை என்றேன்.

"நல்லவேளை. என் கோழியத் திருடினவன் அவன். சரி, எரியட்டும். இருட்டாயிருந்தா அங்கேயும் போய்த் திருடுவான்" என்றாள்.

சிரித்தேன், அம்மா. பிறகு சிரிப்பு நிற்கவில்லை, அது அழுகையாகிவிட்டது. கிழவி பயந்துபோய்த் தன் தொட்டியில் ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தாள்.

இந்நேரம் நீ அப்பா பக்கத்தில் நிற்பாய். குடையை இன்றைக்கு யார் பிடிக்கிறார்கள்?

யகோதா


கென்ட்
7 நவம்பர் 1999, ஞாயிறு

அம்மாவுக்கு,

நேற்று காலை நடைவழித் தொலைபேசியில் லுச்சினா அத்தை கூப்பிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் எது பொய் என்று நீ சொல்.

"உங்கப்பன் தலைமாட்டுல கல்லு இல்லடி. வெறும் மண்ணு. மண்ணு மேல விளக்கு. ஊரே நின்னு பாத்துட்டுப் போச்சு, உங்கம்மா நெட்டக்குத்தலா நிக்கறா. கல்லக் கழட்டிக் கொண்டுபோய் அவ பேர அரச்சு எடுக்கச் சொல்லியிருக்காளாம். என் தம்பி பக்கத்துல படுக்க அவளுக்குக் கசக்குதாம். காலியா கெடந்தா நான் படுத்துக்கறேன், போ. எந்த ஆம்பளைக்காகன்னு நீயே கேட்டுக்க."

கேட்கிறேன். யார் அவர்?

பாரிஸைப் பார், பார்க்காத ஊரையெல்லாம் பார் என்று நீ என்னை அனுப்பியது இதற்குத்தானா? உன் பெயரை அந்த இடத்திலிருந்து எடுக்க என் அப்பா உனக்கு என்ன செய்தார்? வருடத்துக்கு ஒரு நாள் அவருக்கு. அந்த ஒரு நாளில் பெயர்கூட இல்லாமல் மண்ணாய்க் கிடந்திருக்கிறார். நான் ஒரு கோழித் திருடனுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

யகோதா


சனோக்
14 நவம்பர் 1999

என் மகளே,

லுச்சினா சொன்னதில் பொய் ஒன்றுதான். யாரும் இல்லை. இருந்திருந்தால் இந்த ஊருக்குப் புரிந்திருக்கும், உனக்கும் புரிந்திருக்கும்.

அப்பா போனபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்றாம் நாள் உன் அத்தை என்னைக் கல்வெட்டுகிற பிசிக்கிடம் அழைத்துப் போனாள். இரண்டு பேருக்குமாக இடம் வாங்கியாயிற்று, பெயரையும் சேர்த்தே வெட்டிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் தலையாட்டினேன். அன்றைக்கு என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். லுட்விக் சரேம்பா, 1947 – 1995. பக்கத்தில் எல்விரா சரேம்பா, 1953, ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் வழவழவென்று காலி இடம்.

நான்கரை வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் வாளியும் பிரஷுமாகப் போனேன். அவர் பெயரைத் தேய்த்த கையோடு என் பெயரையும் தேய்ப்பேன். பறவை எச்சம், பாசி, ஊசியிலை. ஒரு நாள் அந்தக் கோட்டில் அழுக்கு சேர்ந்திருப்பதைத் தீக்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, எனக்கு நானே செய்யும் வேலை என்னவென்று புரிந்து, பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முகவரி குறித்தாகிவிட்ட பொட்டலத்தைப் பார்ப்பதுபோல.

உன் அப்பா நல்ல மனிதர். என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடச் சனிக்கிழமைகளும் ஊரோரத்து அந்தக் காய்கறித் தோட்டத்துண்டில் போயின. வெள்ளரிக்காய், கொட்டகைக்குப் பெயிண்ட், மறுபடி வெள்ளரிக்காய். கடலுக்குப் போகலாம் என்றால், "அடுத்த வருஷம் கண்டிப்பா, எல்விரா. இந்தத் தடவை தக்காளி நாத்து வெச்சிருக்கேனே" என்பார். மனசார நம்பித்தான் சொல்வார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவரை நான் விட்டுவிடவும் இல்லை. என் பெயரை மட்டும்தான் எடுத்தேன்.

நீ ஓஸ்டெண்டிலிருந்து வந்து எழுதிய கடிதம் எட்டாம் தேதி கிடைத்தது. அந்தப் பெண்மணி இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாளே, நீங்கள் சிரித்தீர்களே, நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மறுநாள் காலை பிசிக்கின் பட்டறைக்குப் போனேன். உன்னை வராதே என்று எழுதியது அதே நாள் மத்தியானம்.

பிசிக் தொப்பியைக் கழற்றிவிட்டார். "முப்பது வருஷமா பேர் வெட்டறேன், மாஜிஸ்டர் அம்மா. உயிரோட இருக்கறவங்க பேர எடுக்கச் சொல்லி யாரும் வந்ததில்ல. அந்தக் கோடு உங்கள என்ன பண்ணுது?" என்றார். பிறகு அவரே கல் தூசியைத் தட்டிவிட்டு, கருங்கல்லில் ஒரு பெயரை மட்டும் அழிக்க முடியாது, முகத்தையே முழுதாக இழைத்து அப்பா பெயரைப் புதிதாக வெட்ட வேண்டும், கழற்றித்தான் ஆக வேண்டும் என்று விளக்கினார். இருபத்தெட்டாம் தேதிக்குள் முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

என் தவறு அங்கேதான். அக்டோபரில் கல்வெட்டுகிறவன் கொடுக்கும் வாக்கை இந்த நாட்டில் பச்சைக் குழந்தைகூட நம்பாது. ஊரில் பாதிப் பேர் நவம்பர் ஒன்றுக்குள் வேண்டும் என்று அவன் வாசலில் நிற்கும் மாதம். டிசம்பர்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் இன்னொரு நவம்பர் ஒன்றில் அத்தனை விளக்கு வெளிச்சத்தில் என் பெயரைப் படித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்று தோன்றிவிட்டது. அந்த அவசரத்தில் உன் அப்பாவை வெறும் மண்ணில் விட்டேன். அதற்காக அவரிடம் அன்று மாலை முழுவதும் மன்னிப்புக் கேட்டேன். மழை பெய்தது. குடையை நானேதான் பிடித்திருந்தேன்.

உன்னிடம் கேட்கும் மன்னிப்பு வேறு. உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் செய்யமாட்டேன் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

அம்மா


சனோக்
28 நவம்பர் 1999

யகூத்கா,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரன் என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறான். போன் செய்தால் லீஸ்பெத் எடுத்து, நீ வெளியே போயிருக்கிறாய் என்று மிகவும் மரியாதையாகச் சொல்கிறாள். அவள் பின்னால் நீ நிற்பது எனக்குக் கேட்கிறது.

கல் பத்தொன்பதாம் தேதி வந்துவிட்டது. நேராக நிற்கிறது. அவர் பெயர் முன்பைவிட ஆழமாக இருக்கிறது. லுச்சினா வந்து பார்த்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் விளக்கை நகர்த்தி நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு உன்னை எதிர்பார்க்கலாமா என்று கேட்கத் தைரியம் இல்லை.

அம்மா


பேருந்தில், ஜெர்மனியில் எங்கோ
5 டிசம்பர் 1999, ஞாயிறு

அம்மா,

போகிற ஊரைப் பற்றியெல்லாம் விவரமாக எழுது என்பாயே. இந்த வாரக் கடைசியில் நான் போன ஊர் சனோக்.

யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளி காலை ஏறி, இருபத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நேற்று ஒன்பது மணிக்கு இறங்கினேன். திரும்பும் பேருந்து இரண்டு மணிக்கு. ஐந்து மணி நேரம். அதில் உன்னோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. என்னென்ன சொல்வது என்று ஜெர்மனி முழுவதும் மனப்பாடம் செய்திருந்தேன்.

முதலில் அப்பாவிடம் போனேன். கல்லைப் பார்த்தேன். பிசிக் நன்றாக வெட்டியிருக்கிறார். வலப்பக்கம் ஒன்றும் இல்லை. இழைத்த இடத்தில் பனிமூட்டமும் நானும் மங்கலாகத் தெரிந்தோம். அந்தக் காலி இடத்தைப் பார்த்தால் அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் அப்பாவுக்காக இல்லை என்று தெரிந்தபோது இன்னும் கோபம்.

மருந்துக்கடைக்கு வந்தேன். கல்லாவில் புதுப் பெண். சுருட்டை முடி, என்னைத் தெரியாது. மாஜிஸ்டர் அம்மா எங்கே என்றேன். "சனிக்கிழமை வரமாட்டாங்க. நவம்பர்லேர்ந்து சனிக்கிழமை என்னோட முறை" என்றாள். எங்கே போயிருக்கிறார்கள் என்றேன். "எங்கேயாவது. போன வாரம் கிராகூவ், அதுக்கு முந்தின வாரம் எங்கேன்னு சொல்லலை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நீ இதை எழுதவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. என் சாவி கென்டில் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நம் வீட்டுக்குச் சாவி எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சனிக்கிழமை, நீ உள்ளே இருப்பாய், நான் மணியடிப்பேன். மணியடித்தேன், அம்மா, ஏழெட்டு முறை. எதிர்வீட்டுக் கோவால் அம்மா தலையை நீட்டி, "காலையிலயே ரயிலுக்குப் போயாச்சு. பச்சக் கோட்டு புதுசா வாங்கியிருக்கா, நல்லாத்தான் இருக்கு. உள்ள வந்து டீ குடி, விறைச்சுப் போயிட்டே" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். மாடியில் யாரோ முட்டைக்கோஸ் வேகவைத்தார்கள். ஒவ்வொரு முறை கீழ்க்கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றேன்.

அங்கே உட்கார்ந்துதான் ஒன்று புரிந்தது. ஊர் ஊராகச் சுற்றினேன், எங்கேயும் எனக்குப் பயம் வந்ததில்லை. நீ சனோக்கில் இருக்கிறாய், பிறகும் அங்கேயே இருப்பாய், இடம்கூட எழுதி வைத்தாயிற்று என்ற தைரியத்தில்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயில் ஏறியிருக்கிறேன். லீஸ்பெத்துக்கு அழுக்குத் துணிக்கு ஒரு வீடு மாதிரி எனக்கு அந்தக் கல். அதில் உன் பெயர் இருந்தது அப்பாவுக்காக என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

இது சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. நவம்பர் ஒன்றை என்னால் மறக்க முடியாது. என்னிடம் மறைத்ததையும். உன்னைப் பார்த்திருந்தால் மனப்பாடம் செய்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். நீ இல்லாததால் அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போகிறேன். வழியில் பாதி மறந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். இருபத்து நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலையில் பேருந்து வந்து சேரும். சாவி கொண்டு வருவேன், ஆனாலும் மணியடிப்பேன். அன்றைக்கு நீ வீட்டில் இருப்பாயா? இருப்பதானால் முன்கூட்டி ஒரு வரி எழுதிப் போடு.

யகூத்கா